பருவம் தப்பி நட்ட மிளகாய்ச் செடிகள்: எவ்வளவு வற்றல் எதிர்பார்க்கலாம்?

இளந்தளிர் (இழையைத் தொடங்கியவர்), 1ஆம் நாள்

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டமிடுவது இதுவே முதல் முறை. நீள மிளகாய் வகையில் 24 செடிகளைத் திறந்தவெளியில் நிலத்திலேயே நட்டிருக்கிறேன். விதைப்பதற்கே ஏறத்தாழ இரண்டு மாதம் தாமதமாகிவிட்டதால், உரிய காலத்தில் நட்டவர்கள் மூன்றாம் பறிப்பை முடித்திருக்கும் இந்த நேரத்தில்தான் என் செடிகளில் முதல் காய்கள் முழு நீளத்தை எட்டியிருக்கின்றன. அவற்றிலும் ஒரு சில மட்டுமே சிவக்கத் தொடங்கியுள்ளன. இன்னும் ஆறு வாரங்களில், அதாவது ஏறத்தாழ 42 நாட்களில், இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும்.

இருப்பதிலேயே உயரமான செடியில் நேற்று எண்ணிப் பார்த்தேன். 62 காய்களும் 90 பூக்களும் இருந்தன. பூவெல்லாம் காயாகும் என்று கொண்டால் ஒரு செடிக்கு 152 காய். 24 செடிகளுக்கு 3,648 காய். ஒரு காயைப் பறித்து நிறுத்தேன், 5 கிராம் இருந்தது. ஆகவே 18 கிலோவுக்குச் சற்றே கூடுதலாகப் பழம் கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன். இதை முழுவதும் வற்றலாக்க விரும்புகிறேன். என் கணக்கு சரிதானா, 18 கிலோ பழத்தைக் காயவைத்தால் எவ்வளவு வற்றல் தேறும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் அதற்கேற்ப உலர்த்தும் தட்டுகளை ஏற்பாடு செய்துகொள்வேன்.

வரப்போரம், 1ஆம் நாள்

தம்பி, செடிகளை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பது மகிழ்ச்சி. ஆனால் தட்டுகளுக்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டாம். உங்கள் கணக்கில் மூன்று இடங்களில் தவறு நேர்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே பக்கமாகவே, அதாவது மிகைப்படுத்தும் பக்கமாகவே சாய்ந்திருப்பதால் ஒன்றையொன்று பெருக்கிவிட்டன.

தோட்டத்தின் மிகச் சிறந்த செடியை எடுத்து மற்ற 23 செடிகளும் அதைப் போலவே காய்க்கும் என்று கொண்டது முதல் தவறு. பூக்களைக் காய்களாக எண்ணியது இரண்டாவது. மூன்றாவது, நிறுப்பதற்கு நீங்கள் பறித்த காய். கண்ணில் முதலில் பட்ட பெரிய காயாகத்தான் அது இருந்திருக்கும், எவரும் அப்படித்தான் பறிப்பார்கள். ஓரத்தில் வளைந்தும் குட்டையாகவும் இருக்கும் காயை எடுத்து நிறுத்துப் பார்க்க யாருக்கும் கை போவதில்லை.

செடிகளைப் பெரியவை, நடுத்தரமானவை, நலிந்தவை என மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் சில செடிகளை, வரிசையில் மூன்றாவதாக வருவது என்பதைப் போன்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்து எண்ணுங்கள். ஏற்கெனவே எண்ணிய அந்த உயரமான செடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது காய் நிறைந்தது என்பதற்காகவே உங்கள் கண் அதைத் தேர்ந்தெடுத்தது.

கணுவும்கிளையும், 2ஆம் நாள்

பூக்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 18 கிலோ என்ற எண்ணில் பாதிக்கு மேல் பூக்களிலிருந்தே வந்திருக்கிறது.

மிளகாய்ச் செடி முதல் பூவைத் தண்டு கவட்டையாகப் பிரியும் இடத்தில் வைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரிய, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பூ வருகிறது. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிக்கொண்டே போவதால், பருவத்தின் பிற்பகுதியில் செடி பூக்களால் நிரம்பி வழிவதைப் போலத் தோன்றுகிறது. அத்தனை பூக்களையும் தாங்கும் ஆற்றல் செடிக்கு இருப்பதில்லை. ஏற்கெனவே பிடித்த காய்கள் முற்றிக்கொண்டிருக்கும்போது புதிய பூக்களில் பெரும்பகுதியைச் செடி தானாகவே உதிர்த்துவிடும்; அந்தக் காய்களைப் பறித்த பிறகு அடுத்த அலை பிடிக்கும். மிளகாய் ஒரே சீராகக் காய்க்காமல் அலை அலையாகக் காய்ப்பதற்கு இதுவே காரணம்.

வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரவு வெப்பநிலை 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தத்தின் வீரியம் குறைந்து பிஞ்சு பிடிப்பது தடைபடுகிறது. அப்படியும் பிடிப்பவை பெரும்பாலும் விதையில்லாத, உருவம் கோணிய சிறு காய்களாகவே நின்றுவிடும். உங்கள் இரவுகள் 10 டிகிரியை எட்ட ஆறு வாரம் இருக்கலாம், ஆனால் 15 டிகிரியை அதற்கு வெகு முன்பே தொட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட நாள்கணக்கு முக்கியம். பூ மலர்ந்ததிலிருந்து காய் முழு நீளம் அடைய ஐந்து முதல் ஏழு வாரமும், நன்றாகச் சிவந்து பழமாக எட்டு முதல் பத்து வாரமும் ஆகும். குளிர் கூடினால் இன்னும் நீளும். உங்களிடம் இருப்பதோ ஆறு வாரம். இன்று மலர்ந்திருக்கும் பூ எவ்வளவு நல்ல பூவாக இருந்தாலும் அது உங்கள் வற்றல் கணக்கில் வராது. அறுவடையை மதிப்பிடுகிறவர், செடியில் என்ன இருக்கிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், இருப்பதில் எதற்கு நாள் போதும் என்று ஒவ்வொரு காயைப் பார்த்தும் கேட்க வேண்டும்.

செம்பழம், 2ஆம் நாள்

மேலே சொன்னவை எனக்கும் உடன்பாடே. ஆனால் மாதிரி எடுத்து எண்ணுவது நூற்றுக்கணக்கான செடிகள் உள்ளவர்களுக்கான முறை. 24 செடிகளை முழுவதுமாக எண்ண ஒரு காலைப்பொழுது போதும். தம்பி இரண்டையும் செய்து பார்த்தால், மாதிரிக் கணக்கு உண்மையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது அவருக்கே தெரியவரும். அடுத்த ஆண்டு செடிகள் கூடும்போது அந்த அறிவு பயன்படும்.

எண்ணும்போது முழு நீளம் அடைந்த காய், பாதி வளர்ந்த காய், பிஞ்சு என மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதுங்கள். பச்சைக் காய்கள் பச்சை இலைகளுக்குள் ஒளிந்திருப்பதால் நின்றுகொண்டு எண்ணினால் பல தப்பிவிடும். அமர்ந்து, கீழிருந்து மேலாக, கிளை கிளையாகக் கையால் விலக்கி எண்ண வேண்டும்.

இளந்தளிர், 4ஆம் நாள்

வரப்போரம் அம்மா, மற்றும் விளக்கமாக எழுதிய இருவருக்கும் என் நன்றி. சொன்னபடியே இரண்டு முறையிலும் எண்ணினேன்.

பெரிய செடிகள் 6, நடுத்தரமானவை 12, இலை சுருண்டு நலிந்தவை 6. பெரியவற்றில் எண்ணிய இரண்டில் 52ம் 44ம், நடுத்தரமானவற்றில் எண்ணிய நான்கில் 31, 27, 38, 24ம், நலிந்தவற்றில் எண்ணிய இரண்டில் 9ம் 5ம் இருந்தன. சராசரிகளை அந்தந்தப் பிரிவின் செடி எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 288, 360, 42 ஆக மொத்தம் 690 காய்கள். மறுநாள் காலை எல்லாச் செடிகளையும் அமர்ந்து எண்ணியபோது 712 வந்தது. எட்டுச் செடிகளை மட்டும் எண்ணி இவ்வளவு நெருங்கிவர முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பூக்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உயரமான செடியை வைத்து நான் போட்டிருந்த கணக்கு 1,488 காய். உண்மையில் இருப்பது அதில் பாதிகூட இல்லை.

அந்த 712ல் முழு நீளம் அடைந்தவை 310, பாதி வளர்ந்தவை 250, பிஞ்சுகள் 152. சிவந்ததும் சிவக்கத் தொடங்கியதுமான 20 காய்களைப் பல செடிகளிலிருந்து பொறுக்கி நிறுத்தேன். மொத்தம் 72 கிராம், அதாவது ஒன்று 3.6 கிராம். இனி இதை எப்படிக் கணக்கிடுவது?

வரப்போரம், 4ஆம் நாள்

இப்போது உங்கள் கையில் இருப்பது நம்பத்தக்க அடிப்படை. இன்னும் ஒரே ஒரு எண் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட காய்கள் ஐம்பதைத் திருப்பிப் பார்த்து, அவற்றில் எத்தனை பழுது என்று சொல்லுங்கள். காய்ப்புழு துளைத்த சிறு ஓட்டை காம்புக்கு அருகில் இருக்கும். வெளியில் ஒரு புள்ளியாகத் தெரியும் காயின் உள்ளே விதைகள் முழுதும் தின்னப்பட்டிருக்கும். பழ அழுகல் நோய் குழிந்த வட்டப் புள்ளியாகத் தொடங்கும், பழுக்கப் பழுக்கத்தான் வெளிப்படும். நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் வறண்டும் போன செடியில் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிக்குச் சென்று சேராமல் நுனி பழுப்பேறும்.

நலிந்த ஆறு செடிகளின் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இந்த ஆண்டு விளைச்சலுக்கு அந்தச் செடிகளால் பெரிய பங்கு கிடைக்காது; ஆனாலும் அவற்றிலிருந்து மற்றவற்றுக்குப் பரவிவிட்டால் நாம் போடும் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

இளந்தளிர், 5ஆம் நாள்

ஐம்பதில் 4 பழுது. மூன்றில் புழு, ஒன்றில் நுனிப் பழுப்பு. இலைகள் மேல்நோக்கியே சுருண்டிருக்கின்றன.

கணுவும்கிளையும், 5ஆம் நாள்

அப்படியானால் பழுது 8 சதவீதம். கணக்கை நான் போடுகிறேன், பிழை இருந்தால் மற்றவர்கள் திருத்துக.

முழு நீளக் காய்கள் 310க்கும் நாள் போதும். பழுதைக் கழித்தால் 285. பாதி வளர்ந்த 250 காய்கள்தான் ஐயத்துக்குரியவை. வெயில் இப்படியே நின்றால் பெரும்பகுதி சிவக்கும், முகில் மூடினால் பாதிகூடச் சிவக்காது. பத்துக்கு ஆறரை என்று வைத்துப் பழுதையும் கழித்தால் ஏறத்தாழ 150. பிஞ்சுகளைச் சேர்க்கவே கூடாது. ஆக 435 பழங்கள், 3.6 கிராம் வீதம் ஏறக்குறைய 1.57 கிலோ.

இந்த ஒற்றை எண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பழுது 15 சதவீதமாக உயர்ந்து, பாதிக் காய்களில் பத்துக்கு நான்கு மட்டுமே சிவந்து, பழமும் 3.4 கிராமாகக் குறைந்தால் 1.2 கிலோதான். எல்லாம் கூடிவந்தால் 1.8 கிலோ. இந்த இரண்டுக்கும் இடையில் எங்காவது நிற்கும் என்று சொல்வதே நேர்மையான மதிப்பீடு.

இனி வற்றல். பழுத்த மிளகாயில் முக்கால் பங்கு நீர் என்று கொள்ளலாம். ஒரு கிலோவில் மீதமிருக்கும் 250 கிராம் உலர்பொருள், பத்து சதவீத ஈரத்தோடு நிற்கும் வற்றலில் தொண்ணூறு சதவீதமாக ஆகிறது, 250ஐ 0.9ஆல் வகுத்தால் 278 கிராம். நூறு கிலோ பழத்துக்கு 25 முதல் 35 கிலோ வரை வற்றல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் இதை ஒட்டியே இருக்கிறது. உங்கள் மிளகாயின் தோல் தடிமனாக இருந்தால் கீழ் எல்லையையும், மெல்லியதாக இருந்தால் மேல் எல்லையையும் நெருங்கும். ஆகவே 300 முதல் 630 கிராம் வரை வற்றல் எதிர்பாருங்கள், நடுவில் 440.

இளந்தளிர், 5ஆம் நாள்

பதினெட்டு கிலோ என்று நினைத்திருந்தவன் ஒன்றரைக் கிலோவுக்கு வந்து நிற்பது வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் எதனால் குறைகிறது என்பது இப்போது படிப்படியாகப் புரிகிறது. இந்த 42 நாட்களில் அந்த 250 காய்களைக் காப்பாற்ற நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? உரம் கூட்டலாமா?

செம்பழம், 6ஆம் நாள்

தழைச்சத்து உரம் எதையும் இனிப் போடாதீர்கள். செடி புதிய தளிரும் பூவும் விடுமே தவிர இருக்கும் காய் பழுக்காது. நீரைச் சீராகக் கொடுங்கள். பழுக்கவைப்பதற்காகச் செடியை வாடவிடுகிறவர்கள் உண்டு, அதில் காய்கள் சிறுத்துப்போவதைத்தான் கண்டிருக்கிறேன்.

நான் செய்வது இதுதான்: குளிருக்கு ஆறு வாரம் இருக்கையில் கிளை நுனிகளை எல்லாம் வெட்டிவிடுவேன், பூக்களையும் கிள்ளிவிடுவேன். செடியின் ஆற்றல் முழுவதும் இருக்கும் காய்களுக்குப் போய்ச் சேரும்.

வரப்போரம், 6ஆம் நாள்

பூவைக் கிள்ளுவதில் எனக்கு மறுப்பில்லை. நுனியை வெட்டுவதை ஏற்க மாட்டேன். வெயில் சாய்ந்து பகல் குறுகும் காலத்தில் மேலே இருக்கும் இளம் இலைகள்தாம் அதிக ஒளியைப் பெற்று உணவு ஆக்குகின்றன. அவற்றை வெட்டிவிட்டு நிழலில் இருக்கும் முதிர்ந்த இலைகளை நம்பினால் காய்க்கு வரவேண்டியதையே குறைத்ததாகும். தவிர, மேலடுக்கு போனதும் காய்களின் மேல் நேர் வெயில் பட்டுத் தோல் வெளுத்து வெந்துபோவதையும் கண்டிருக்கிறேன்.

செம்பழம், 6ஆம் நாள்

வெட்டிய செடிகளில் காய் விரைவாகச் சிவந்ததை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், அம்மா. ஆனால் வெட்டாத செடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கணுவும்கிளையும், 7ஆம் நாள்

அப்படியானால் தம்பியின் நடுத்தரச் செடிகள் 12ம் நமக்கு உதவும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு செடிகளில் பூவையும் மொட்டையும் மட்டும் வாரம் ஒருமுறை கிள்ளட்டும். மற்ற ஆறை அப்படியே விடட்டும். முதல் தோட்டக்காரரிடம் நுனி வெட்டச் சொல்லிச் செடியைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொரு செய்தி. குளிர் இறங்குவதற்கு முந்தைய நாள் எஞ்சிய செடிகளை வேரோடு பிடுங்கிக் காற்றோட்டமான, மழை படாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நிறம் மாறத் தொடங்கிவிட்ட காய்கள் அங்கேயே சிவந்துவிடும். கரும்பச்சையாக இருப்பவை சிவக்காமல் சுருங்கி வெளுத்துச் சண்டாகிவிடும். அவற்றைப் பச்சையாகவே பறித்துக்கொள்வது நல்லது.

இளந்தளிர், 29ஆம் நாள்

இடைக்கால நிலவரம். இரண்டு பறிப்புகளில் 238 பழங்கள் வந்துவிட்டன; நிறுப்பதற்குப் பறித்த 20ம் இதில் அடங்கும். கடந்த வாரம் நான்கு நாட்கள் தொடர்ந்து முகில் மூட்டமாக இருந்தது. அந்த நாட்களில் ஒரு காய்கூட நிறம் மாறவில்லை. பூ கிள்ளாத செடிகளிலும் பூக்கள் தாமாகவே உதிர்ந்து தரையில் கிடக்கின்றன. கணுவும்கிளையும் ஐயா சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

வரப்போரம், 29ஆம் நாள்

பறித்ததை அடுக்கடுக்காகக் குவித்து வைக்காதீர்கள். ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வையுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, பிறகு காயவைத்தாலும் போகாது. பூசணம் கண்ட பழத்தை எடையைக் கருதி வைத்துக்கொள்ளாமல் எறிந்துவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதற்குக் குலுக்கினால் விதை ஒலிப்பது ஓர் அடையாளம். அதைவிட உறுதியானது தராசு: அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

இளந்தளிர், 64ஆம் நாள்

எல்லாம் முடிந்துவிட்டது, முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

41ஆம் நாள் மாலை செடிகளைப் பிடுங்கித் தொங்கவிட்டேன். அவற்றில் சிவந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 402 பழங்கள், 1,407 கிராம். ஒன்று 3.5 கிராம். காய்ந்த பின் வற்றல் 396 கிராம். அதில் 31 கிராம் சண்டு. விகிதம் 28 சதவீதத்துக்குச் சற்றே கூடுதல். ஐயா சொன்ன 1.2க்கும் 1.8க்கும் இடையிலேயே நின்றது. நடு மதிப்பீட்டைவிடக் குறைந்ததற்கு அந்த நான்கு நாள் முகில்தான் காரணம் என்று கருதுகிறேன்.

பூ கிள்ளிய ஆறு செடிகளில் 118 பழங்கள், கிள்ளாத ஆறில் 109. இரண்டு நடுத்தரச் செடிகளுக்கு இடையிலேயே இதைவிடக் கூடுதலான வேறுபாடு இருந்ததால், கிள்ளியதால்தான் ஒன்பது பழம் கூடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் எதிர்பாராதது பெரிய செடிகளின் நிலை. ஆறு பெரிய செடிகளிலும் முதலில் 312 காய்கள் இருந்தன. பழமானவை 154 மட்டுமே. நடுத்தரச் செடிகளிலோ 358க்கு 227 பழமாயின. நான் 62 காய் எண்ணிய அந்த உயரமான செடி 27 பழங்களைத்தான் தந்தது. அதன் அருகில்தான் உரத்தைக் கூடுதலாகக் கொட்டியிருந்தேன். தழைத்து வளர்ந்ததில் பூப்பது தாமதமாகி, காய்களில் பாதிக்கு மேல் பிஞ்சாகவும் பாதி வளர்ந்தவையாகவும் இருந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

கணுவும்கிளையும், 64ஆம் நாள்

உங்கள் எண்ணம் சரி என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு செடியிலும் முதல் பூ மலரும் நாளை அடுத்த ஆண்டு குறித்து வையுங்கள். உயரத்தைவிட அந்த நாள் விளைச்சலைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

செம்பழம், 65ஆம் நாள்

அடுத்த பருவத்தில் என் வரிசையில் பாதியை வெட்டாமல் விட்டு, எண்ணிக்கையை இதே இழையில் எழுதுகிறேன்.

வரப்போரம், 65ஆம் நாள்

396 கிராமில் நன்றாகச் சிவந்த, நேரான பழங்களின் விதையை இப்போதே தனியே எடுத்து வைத்துவிடுங்கள், தம்பி. உயரமான செடியின் விதை வேண்டாம். நடுத்தரச் செடிகளில் முதலில் சிவந்தவற்றின் விதையை எடுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய் வகை இருந்திருந்தால் விதை கலந்திருக்கக்கூடும், அதையும் நினைவில் வையுங்கள். இம்முறை இரண்டு மாதம் முன்னதாக விதைத்துவிடுங்கள்.